நர்சம்மாவின் மடக்குக் கத்தி

அந்த நர்சம்மா எதையாவது வாங்க வந்தால் கள்ளக்குறிச்சிக் கடைக்காரர்கள் முதலில் ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுவார்கள். சீக்கிரத்தில் எழுந்து போகமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். செருப்பு என்றால் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். குடை என்றால் விரித்து வெயிலுக்கு நேரே பிடித்து, துணியில் பொத்தல் இருக்கிறதா என்று கம்பி கம்பியாகப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் கோபமே இல்லாமல், ஒரு அலுப்போடு, "வேணாங்க" என்று வைத்துவிடுவார். பிடித்து வாங்கிவிட்டால் அதன்பிறகு அந்தப் பொருளைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டார். பிய்ந்தாலும் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வார்.

"எடுத்தா எடுத்ததுதாண்ணே. நான் பாத்துதான எடுத்தேன்" என்பார்.

ஒருதடவை அவருடைய வீட்டுக்காரரைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. அவர் நைனார்பாளையத்தில் இருந்தார். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று மாதம் ஒருமுறை சொல்லியனுப்புவார், வந்து பார்க்கமாட்டார். "அது ஒண்ணுதாண்ணே நான் பாக்காம எடுத்தது" என்று சொல்லிவிட்டு நர்சம்மா சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுருக்கவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது கல்வராயன் மலையில் மலேரியா ஊழியன். ஊர் ஊராகப் போய் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிக் கொண்டுவருவது என் வேலை. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பது அவருடைய வேலை. இரண்டு பேரும் ஒரே சுகாதார நிலையம். பாதை இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் பல நாள் சேர்ந்தே நடந்திருக்கிறோம். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை சிஸ்டர் என்பேன்.

சேர்ந்து நடந்தோம் என்று சொல்வதைவிட, சேர்ந்து உட்கார்ந்தோம் என்று சொல்லலாம். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு பாறையைப் பார்த்து, "செத்த குந்திக்கிறேண்ணே" என்று உட்கார்ந்துவிடுவார். அவர் உடம்பில் நோய் எதுவும் இல்லை. ஒருநாள் கேட்டேன்.

"உடம்பு அலுப்பு இல்லண்ணே. ஏறுனா எறங்கணும், எறங்குனா ஏறணும். வருஷக் கணக்கா இதான பண்ணிகினு இருக்கோம். அதான் அலுப்பா இருக்குது."

கீழே சமவெளிக்கு மாறுதல் கேட்டு மனு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். மலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பதில் வரும். கொஞ்சநாள் கழித்து இன்னொன்று எழுதுவார்.

மலையில் வேலை பார்ப்பவருக்குக் கத்தி இல்லாமல் முடியாது. உண்ணிச்செடி பாதையை மூடிவிடும். தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிய கயிறு மழையில் ஊறி முடிச்சு இறுகிவிடும். யாராவது ஒரு குச்சிக்கிழங்கைக் கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். எல்லாவற்றையும்விட, நடக்கமுடியாத நோயாளியைப் போர்வையில் போட்டு மூங்கிலில் கட்டித் தூக்கிவரும் டோலி இருக்கிறதே, அதற்கு மூங்கில் வெட்டவேண்டும், நார் அறுக்கவேண்டும். மலைக்காரர்கள் கையில் கொடுவாள் இருக்கும். ஆனால் டோலி தேவைப்படுகிற நேரத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் காட்டில் இருப்பார்கள்.

நர்சம்மாவும் ஆரம்பத்தில் ஒரு கொடுவாளைச் சாக்குத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். பஸ்ஸில் யாருடைய குழந்தையோ பையை இழுக்க, அது வெளியே வந்துவிழுந்து, கண்டக்டர் வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டார். அப்புறம் ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்கினார். அது நார் அறுக்கும்போது தானாக மடங்கி, இடது கை ஆள்காட்டி விரலை எலும்பு தெரிய வெட்டிவிட்டது. தனக்குத்தானே தையல் போட முடியாமல் என்னைப் போடச் சொன்னார். நான் விரலில் குத்தத்தான் பழகியவன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். விரல் கொஞ்சம் கோணிக்கொண்டது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அது அவசரத்துல வாங்கனது. இந்த வாட்டி பாத்துதான் வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தார். சம்பளம் வாங்கக் கீழே இறங்கும் நாளிலெல்லாம் கடைவீதியில் ஒரு பாயின் இரும்புக் கடைக்குப் போவார். நானும் கூடப் போவேன். பாய் பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேல்தட்டிலிருந்து கத்திகளை இறக்கி வரிசையாகப் பரப்புவார்.

முதலில் பித்தளைப் பிடி போட்ட ஒன்றைக் காட்டினார். வடக்கே இருந்து வந்த சரக்கு. பளபளவென்று இருந்தது. நர்சம்மா கடைப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு அதைத் திறக்கப் பார்த்தார். வழுக்கியது.

"வேர்த்துப்போன கையில நிக்காது பாய். இத வாங்குனா சாமி ரூம்புல வெச்சி கும்புடலாம்."

அடுத்து, பொத்தானை அமுக்கினால் தானாகத் திறந்துகொள்ளும் கத்தி.

"இது யாருக்கு செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது. பையில பஞ்சு, மருந்து, ஊசி எல்லாம் இருக்குது. உள்ளயே தொறந்துகிச்சின்னா?"

எவர்சில்வர் கத்தி ஒன்று. துருப்பிடிக்காது என்றார் பாய்.

"துரு புடிச்சா தேச்சிக்கலாம் பாய். மொன்னையாப் போனா இத மலைக்கல்லுல தீட்ட முடியாது. சாணை புடிக்கிறவன் எங்கூட நடந்து வருவானா?"

கடைசியில் பாய்க்கே பொறுமை போனது. "இன்னா நர்சம்மா, கத்தி பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா? சொல்லுங்க, உங்களுக்கு இன்னாதான் வேணும்?"

நர்சம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, களைத்த குரலில் சொன்னார். "பெருசா இருக்கணும் பாய், மூங்கிலு வெட்டற அளவுக்கு. மடங்கணும், பையில போவணும். தொறந்தா நிக்கணும், என் விரல்மேல வந்து விழக்கூடாது. வெலையும் கம்மியா இருக்கணும். காட்டுல எங்கனா தொலைஞ்சிட்டா நான் அழக்கூடாது."

பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பிறகு உள்ளே போய், தூசி படிந்த ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது அழகே இல்லாத கத்தி. கட்டைப் பிடி, சாதா இரும்பு அலகு, திறந்தால் ஒரு ஜாணுக்குக் குறையாது. திறக்கும்போது 'டக்'கென்று நின்றுகொண்டது. முதுகில் இருந்த சின்ன வளையத்தை இழுத்தால்தான் மடங்கியது. "இது வாங்க ஆளே வர்றதில்ல, பாக்க ஒரு மாதிரியா இருக்குதுன்னு" என்றார் பாய்.

நர்சம்மா பையிலிருந்து ஒரு காய்ந்த மூங்கில் துண்டும் கொஞ்சம் கயிறும் எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். கடை வாசலில் உட்கார்ந்து வெட்டினார், அறுத்தார், ஈரக்கையால் திறந்தார், மூடினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இது போதும்" என்றார்.

மலையில் அந்தக் கத்தி பிரபலமாகிவிட்டது. குழந்தைகள் அவரைக் கத்தியம்மா என்று கூப்பிட்டன. பலாப்பழம் வெட்ட வாங்கிப்போய்க் கழுவாமல் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதே கத்தியால்தான் தொப்புள்கொடியும் அறுக்கிறார் என்று யாரோ ஒரு ஊரில் கிளப்பிவிட்டபோது மட்டும்தான் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். அந்த ஊர் நடுவில் நின்று, கொதிக்கவைத்த பிளேடு இருந்த டப்பாவைத் திறந்து வீடுவீடாகக் காட்டினார். காட்டி முடித்ததும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு போராட்டம் தென்னாற்காடு முழுவதும் நடந்த வருஷங்கள் அவை. மலையில் அதன் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. கீழே இறங்கினால்தான் தெரியும். பஸ் ஓடாது. கடைகள் பாதி கதவைச் சாத்தியிருக்கும். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருப்பார்கள். எந்த ஊரில் யாரைப் பிடித்தார்கள், எங்கே அடிதடி என்று நாளுக்கொரு வதந்தி. பாதி பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்று தெரியாது.

அப்படி ஒருநாள் காலையில், மலையூர் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை டோலியில் தூக்கி வந்தார்கள். முதல் நாளிலிருந்தே வலி. குழந்தை குறுக்கே திரும்பி, கை மட்டும் வெளியே வந்துவிட்டது. நர்சம்மா பார்த்தார். "இங்க ஒண்ணும் முடியாது, கீழ பெரியாஸ்பத்திரிக்குத்தான்" என்றார். சுகாதார நிலையத்து ஜீப்பில் ஏற்றினோம். அந்தப் பெண்ணின் தலை அவள் மாமியார் மடியில். பக்கத்தில் நர்சம்மா. முன்னால் டிரைவரும் நானும். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பெண் ஒரு சத்தம் போட்டாள். வடக்கனந்தல் நெருங்கும்போது சத்தம் நின்றுவிட்டது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

வடக்கனந்தல் தாண்டியதும் முதல் மரம். அடிமரம் ரோட்டை முழுசாக அடைத்துக் கிடந்தது. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கையை விரித்தார்.

"வண்டி போவாதுங்க."

"ஆஸ்பத்திரி கேஸுய்யா. எட்டிப் பாரு" என்றார் டிரைவர்.

அவர் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வழிய விடமாட்டோம்னு சொல்லலங்க. இந்த மரத்த இழுக்க ஆனைதான் வரணும். இது ஒண்ணு இல்ல, அந்தக் கோடி வரைக்கும் கெடக்குது."

நர்சம்மா இறங்கி வந்து மரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு எல்லாரையும் விட்டுவிட்டு அந்த அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்தார். இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். எழுந்து ஜீப்புக்குப் போனார். பையிலிருந்து கத்தியை எடுத்துத் திறந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து பின்னால் போனார்கள்.

அவர் ஜீப்பின் கித்தான் கூரையை ஓரத்தில் குத்திக் கிழிக்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர், கவர்மெண்டு வண்டி!" என்றார் டிரைவர்.

"தெரியும். அந்தப் பக்கம் புடிங்க."

நீளமாக ஒரு துண்டை அறுத்து எடுத்தார். சாய்ந்த மரத்திலேயே நேரான ஒரு கிளையைப் பார்த்து வெட்டினார். கித்தானின் இரண்டு முனையையும் அதில் கட்டினார். அதற்குள் கூட்டத்திலிருந்து நான்கு பேர் கேட்காமலே வந்து தோள் கொடுத்தார்கள். முன்னால் பிடித்தவன் நெட்டையான ஒரு இளைஞன். தோளில் துண்டு போட்டிருந்தான்.

முதல் மரத்தைத் தாண்டிவிட்டோம். இரண்டாவது, கிளையும் தழையுமாகக் கிடந்தது. நுழைய வழியில்லை. நர்சம்மாவின் ஒரு கை அந்தப் பெண்ணின் வயிற்றில் இருந்தது, இன்னொரு கை நாடியில். நானும் டிரைவரும் குளுக்கோஸ் பாட்டிலையும் பெட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தோம். நெட்டையன் தன் இடத்தில் இன்னொருவனை விட்டுவிட்டு, "குடுங்கம்மா" என்று கையை நீட்டினான். நர்சம்மா கத்தியைக் கொடுத்தார். அவன் முன்னால் போய்க் கிளைகளைக் கழித்துக்கொண்டே வழி செய்தான். அவன் பின்னால் நாங்கள் போனோம். மூன்றாவது மரத்தையும் அப்படித்தான் கடந்தோம்.

அதற்கப்பால் போலீஸ் வண்டி நின்றிருந்தது. வெளியூர்ப் போலீஸ். மரத்துக்குள்ளிருந்து கையில் ஜாண் நீளக் கத்தியோடு ஒருவன் வெளியே வந்ததைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். அவன்மேல் தடி விழுந்தது, கத்தியோடு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கி வந்தவர்கள் பயந்துபோனாலும் டோலியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டுத்தான் ஓடினார்கள்.

"அது என் கத்திங்க! நான்தாங்க குடுத்தேன்!" என்று நர்சம்மா கத்தினார்.

"சரிம்மா, சரிம்மா. மொதல்ல வண்டியில ஏறு" என்றார் ஒரு போலீஸ்காரர். அவரே இன்னொருவரோடு சேர்ந்து அந்தப் பெண்ணைத் தூக்கி வண்டியில் வைத்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். அதையும் சொல்லவேண்டும்.

குழந்தை வழியிலேயே போய்விட்டிருந்தது. அந்தப் பெண் பிழைத்தாள்.

சில நாள் கழித்துத்தான் டிரைவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மரம் வெட்டிய வழக்கில் பலரைப் பிடித்திருந்தார்கள். அந்த நெட்டையன்மேல் மட்டும், ஆயுதத்தோடு வழிமறித்தான் என்று தனியாக ஒரு வழக்கு. ஜாமீனும் கிடைக்கவில்லை. இரண்டு வழக்கும் ஒன்றில்லை என்று டிரைவர் விளக்கினார். மற்றவர்கள் கொஞ்சநாளில் வெளியே வந்துவிடுவார்கள். இவன் வருஷக்கணக்கில் உள்ளே போகவேண்டியிருக்கும்.

நர்சம்மா மேலதிகாரியிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்து, மெதுவாகத்தான் சொன்னார். "கத்தி உங்களுதுன்னு நீங்க சொன்னா, டூட்டியில எதுக்கு அவ்ளோ பெரிய கத்தின்னு உங்களத்தான் கேப்பாங்க. கித்தான் கிழிஞ்சதுக்கும் பதில் சொல்லணும். டிரான்ஸ்பர் கேட்டுகினு இருக்கீங்க, அது வர்ற நேரம். பேசாம இருந்துடுங்கம்மா."

வெளியே வந்து அவர் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா பண்ணப் போறீங்க சிஸ்டர்?"

"இன்னா பண்றது? என்னுதுதான அது."

அதற்கப்புறம் கோர்ட் நடை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிலிருந்து இறங்குவோம். நானும் சாட்சி சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு ஜட்ஜ் வரமாட்டார், அல்லது போலீஸ் சாட்சி வராது, அல்லது வக்கீல்கள் வேலைநிறுத்தம். மாலை வரை காத்திருந்துவிட்டு மறுபடி மேலே ஏறுவோம். நைனார்பாளையத்திலிருந்து வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார், கோர்ட் வாசலில் நிற்கிற பெண்டாட்டி தனக்கு வேண்டாம் என்று. நர்சம்மா சேதி கொண்டுவந்த ஆளுக்குச் சோறு போட்டு அனுப்பிவைத்தார். நல்ல காலத்திலேயே அவருக்குப் பேச்சு குறைவு. அந்த மாதங்களில் இன்னும் குறைந்துபோனது. பாறைகளில் உட்காரும் நேரம் நீண்டது.

ஒருநாள் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றார். மேஜைமேல் கத்தி, அட்டை கட்டி வைத்திருந்தது. அரசு வக்கீல் கேட்டார்.

"ஒரு நர்சுக்கு இவ்வளவு பெரிய கத்தி எதுக்கு?"

"சின்னதா ஒண்ணு வெச்சிருந்தேங்க. அது என் விரலத்தான் வெட்டுச்சி."

யாரோ சிரித்தார்கள். அவர் கோணல் விரலைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு நின்றது.

"அத எதுக்கு இவன்கிட்ட குடுத்தீங்க?"

"என் ரெண்டு கையும் அந்தப் பொண்ணுகிட்ட இருந்துதுங்க."

"இவனை முன்னாடி தெரியுமா?"

"தெரியாதுங்க. பேரே இங்க கூப்பிடும்போதுதான் கேட்டேன்."

"முன்பின் தெரியாதவன், மரத்த வெட்டிப் போட்டுட்டு ரோட்டுல குந்தியிருக்கிற கும்பல்ல ஒருத்தன். அவன நம்பிக் கத்தியக் குடுத்தீங்க?"

"அவன் தூக்கிகினு வந்தத பாத்தேங்க. ஆட்டாம தூக்குனான். கால் எடுத்து வெக்கறப்பல்லாம் அந்தப் பொண்ணு மொகத்தத் திரும்பிப் பாத்துகினான். பாத்துதான் குடுத்தேன்."

ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வேறு கேள்வி உண்டா என்று வக்கீலைக் கேட்டார். இல்லை என்றார் வக்கீல். என்னைக் கூப்பிடவே இல்லை.

ஆயுத வழக்கு தள்ளுபடியாகி, நெட்டையனை விட்டுவிட்டார்கள். மர வழக்கு மற்றவர்களோடு சேர்ந்து இன்னும் கொஞ்சகாலம் இழுத்து, தானாகவே ஓய்ந்தது. கத்தி கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. நர்சம்மாவுக்குச் சம்பள உயர்வு ஒரு வருஷம் நின்றது. கித்தானுக்குப் பணம் பிடித்தார்கள். மாறுதல் வரவில்லை. இன்னொரு மனு எழுதிப் போட்டார். எனக்குத்தான் முதலில் மாறுதல் வந்து நான் திருநாவலூர்ப் பக்கம் போனேன். அவர் அந்த மலையிலேயே வேலையை முடித்து, அங்கேயே ஓய்வு பெற்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எனக்கு அவரை நினைத்தால் கண்முன் வருவது, தீர்ப்பு வந்த அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான்.

காலையிலிருந்து இரண்டு பேரும் எதுவும் சாப்பிடவில்லை. மலை பஸ்ஸுக்காகத் தூண் ஓரத்தில் நின்றிருந்தோம். அந்த நெட்டையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஜெயிலில் இளைத்துவிட்டிருந்தான். கும்பிட்டான். கண் கலங்கி நின்றான். பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி குனிந்து, ரொம்ப மரியாதையோடு கேட்டான்.

"அம்மா, நீங்க நம்ம ஆளுங்களாம்மா?"

அவன் தப்பாகக் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் எல்லாரும் எல்லாரையும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நாள் அலைந்து தன்னை மீட்ட ஒரு மனுஷிக்கு வேறு என்ன காரணம் இருக்கமுடியும் என்று அவனுக்குப் புரியவில்லை.

நர்சம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தல வலிக்குது தம்பி. அதோ வருது பாரு, அது எந்த பஸ்ஸுன்னு போர்டப் பாத்து சொல்லு."

"மலை பஸ்ஸுதாம்மா."

"கூட்டமா இருக்குது. ஒரு எடம் புடிச்சிக் குடு. நின்னுகினு போவ முடியாது இன்னிக்கி."

அவன் ஓடினான். பஸ் நிற்பதற்குள் தொற்றி, ஜன்னல் வழியாகத் தன் துண்டை வீசி ஒரு இடம் போட்டான். நர்சம்மா ஏறிப் போய் அந்தத் துண்டை எடுத்து, மடித்து, ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினார். பையை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தார். பஸ் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார். அவன் கீழே, மடித்த துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு, வண்டி திரும்பும்வரை நின்றான்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். நான் இரண்டு பேருக்கும் எடுத்தேன். அவரை எழுப்பவில்லை.